யூனிக்ஸ் தவிர மற்ற பழைய மினிகம்ப்யூட்டர் டைம்ஷேரிங் சிஸ்டங்களுக்கு வம்சமே இல்லையா?

சுழல்வட்டு கேட்டது:

ஒரு மாதமாக வேலை முடிந்து வந்து ராத்திரி உட்கார்ந்து, சிம்ஹெச் எமுலேட்டரில் (பழைய மெஷின்களை இன்றைய கம்ப்யூட்டரில் போலியாக ஓட்டும் மென்பொருள்) டெக் கம்பெனியின் பழைய மெஷின்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் பிடிபி-11இல் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு, அப்புறம் பிடிபி-8இல் டிஎஸ்எஸ்/8, போன வாரம் ஆர்எஸ்டிஎஸ்/இ. எல்லாமே டைம்ஷேரிங் சிஸ்டங்கள், அதாவது ஒரே மெஷினைப் பல பேர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ள வைப்பவை. தினமும் லினக்ஸில் வேலை பார்ப்பவன் என்பதால் யூனிக்ஸ் எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் டைரக்டரி மாற்ற 'சிடி' என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது, டிலீட் விசையைத் தட்டினால் எழுத்து அழிவதற்குப் பதில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் நின்றுபோகிறது. டிஎஸ்எஸ்/8 அதைவிட ஆச்சரியம். ஒரு ஆளுக்கு மெமரி 4096 வேர்ட் (மெஷின் ஒரே தடவையில் கையாளும் பிட்களின் தொகுதிதான் வேர்ட்), அதுவும் 12 பிட் வேர்ட், அதற்குள் பேசிக் மொழி முழுதாக ஓடுகிறது.

கேள்விக்கு வருகிறேன். எங்கே படித்தாலும் வரலாறு ஒரே நேர்கோடாகத்தான் இருக்கிறது: எம்ஐடியில் 1961இல் சிடிஎஸ்எஸ், அதன் பின்னால் மல்டிக்ஸ், 1969இல் பெல் லேப்ஸ் மல்டிக்ஸிலிருந்து விலகியதும் யூனிக்ஸ். மற்றதெல்லாம் வாரிசு இல்லாமல் போனவை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒருவரும் அதையேதான் சொல்கிறார், மினிகம்ப்யூட்டர் உலகில் யூனிக்ஸ் மட்டும்தான் உண்மையான டைம்ஷேரிங், மீதி எல்லாம் பேசிக் சொல்லிக்கொடுக்கிற பெட்டிகள் என்று. எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் மறுத்துச் சொல்லும் அளவுக்கு விவரம் தெரியவில்லை. இந்த நேர்கோடு சரிதானா? அந்தக் காலத்து மெஷினை வைத்து எடைபோட்டால் நீங்கள் எந்த சிஸ்டத்தை மேலே வைப்பீர்கள், ஏன்?

ஃபெரைட்வளையம்:

முதலில் சிடி. ஆறாம் பதிப்பில் அதன் பெயர் 'சிஹெச்டிர்', 'சிடி' என்ற சுருக்கம் ஏழாம் பதிப்பில்தான் வந்தது. எழுத்தை அழிக்க # குறி, முழு வரியையும் தள்ள @ குறி. அந்தக் காலத்து டெர்மினலான டெலிடைப்பின் காகிதத்தில் அச்சான எழுத்தைத் திரும்ப எடுக்க முடியாது, அதனால் "இதைக் கணக்கில் சேர்க்காதே" என்று ஒரு குறி போட்டுவிட்டு மேலே போவார்கள். டிலீட் விசை அங்கே இன்டரப்ட்.

இந்த சிஹெச்டிரை வைத்தே உங்கள் கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம். 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை ஆரம்பித்தது பிடிபி-7இல். 18 பிட் மெஷின், 8கே வேர்ட் மெமரி, அப்போதே அது பழசாகிவிட்ட மாடல். அந்த முதல் யூனிக்ஸில் ஃபோர்க் கிடையாது, அதாவது ஓடும் ஒரு ப்ராசஸிலிருந்து (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) இன்னொரு ப்ராசஸை உண்டாக்கும் வழி இல்லை. இரண்டு டெர்மினல், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ப்ராசஸ். ஷெல் உங்கள் கட்டளையைப் படிக்கும், டிஸ்கிலிருந்து அந்தப் புரோகிராமைத் தன் மேலேயே ஏற்றிக்கொள்ளும், அது முடிந்ததும் ஷெல் மறுபடி புதிதாக ஏற்றப்படும். அப்போது சிஹெச்டிர் என்பது எல்லாவற்றையும் போல ஒரு சாதாரணப் புரோகிராம். இருக்கிற ஒரே ப்ராசஸின் டைரக்டரியை அது மாற்றும், ஷெல் திரும்ப வந்தாலும் அந்த மாற்றம் அப்படியே நிற்கும்.

அப்புறம் ஃபோர்க்கைச் சேர்த்தார்கள். இரண்டு டெர்மினல்களுக்காக ஒரு ப்ராசஸை டிஸ்கில் எழுதி இன்னொன்றை உள்ளே கொண்டுவரும் ஸ்வாப் வேலை ஏற்கெனவே இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸை ஸ்வாப் இடத்தில் ஒரு பிரதி எழுது, ப்ராசஸ் அட்டவணையில் ஒரு வரி கூட்டு, டிஸ்கில் இருப்பது ஒருவர், மெமரியில் இருப்பது இன்னொருவர், முடிந்தது வேலை. பிடிபி-7இல் இதற்கு ஆன செலவு 27 வரி அசெம்ப்ளி என்று ரிச்சியே பின்னால் எழுதினார். ஃபோர்க் ஏன் இப்படி விநோதமாக, முழு ப்ராசஸையும் நகலெடுத்து, அடுத்த நொடியே அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு புரோகிராமை ஏற்றுகிறது என்று இன்றைக்கும் கேட்கிறார்கள் இல்லையா, அந்தச் சின்ன மெஷினில் அதுதான் எல்லாவற்றையும்விடச் சுலபமான வழியாக இருந்தது.

ஆனால் ஃபோர்க் வந்ததும் சிஹெச்டிர் வேலை செய்வதை நிறுத்திவிட்டது. ஃபோர்க் எப்படி டைரக்டரி மாற்றத்தைக் கெடுக்கும் என்று மூல நிரல் முழுவதையும் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார்கள், எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசியில்தான் புரிந்தது: இப்போது சிஹெச்டிர் புதிதாகப் பிறந்த ஒரு குழந்தை ப்ராசஸில் ஓடுகிறது, தன் டைரக்டரியை ஒழுங்காக மாற்றிக்கொள்கிறது, உடனே செத்துப்போகிறது. ஷெல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால்தான் அதை ஷெல்லுக்குள்ளேயே வைக்க வேண்டியதாயிற்று. உங்கள் லினக்ஸில் இன்றும் சிடி தனி புரோகிராமாக இல்லாமல் ஷெல்லுக்கு உள்ளே இருப்பதன் கதை இதுதான்.

இப்போது நேர்கோடு விஷயம். இந்த ஃபோர்க் மல்டிக்ஸிலிருந்து வந்ததில்லை. 1974இல் வந்த யூனிக்ஸ் கட்டுரையில் அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள், ஏறக்குறைய இதே வடிவில் ஃபோர்க் ஜீனி டைம்ஷேரிங் சிஸ்டத்தில் இருந்தது என்று. ஜீனி என்பது கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 60களின் நடுவில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான அர்ப்பாவின் பணத்தில் நடந்த திட்டம். பட்லர் லாம்ப்ஸன், பீட்டர் டாய்ச் எல்லாம் அங்கே இருந்தார்கள். எஸ்டிஎஸ் 930 என்ற மெஷினை வாங்கி, பேஜிங்கும் (மெமரியைச் சின்னப் பக்கங்களாகப் பிரித்துக் கையாள்வது) பயனர் மோடும் (பயனரின் புரோகிராம் முக்கியக் கட்டளைகளைத் தொடாமல் தடுப்பது) சேர்த்து மாற்றினார்கள், அந்த மாற்றத்தை எஸ்டிஎஸ் கம்பெனியே எடுத்து 940 என்ற பெயரில் விற்றது. தாம்சன் படித்தது பெர்க்லியில்தான். அங்கே டாய்ச்சும் லாம்ப்ஸனும் எழுதிய க்யூஇடி எடிட்டரை அவர் பின்னால் சிடிஎஸ்எஸ்ஸுக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷனோடு (எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடும் முறை) மறுபடி எழுதினார், அதிலிருந்துதான் யூனிக்ஸின் 'இடி' எடிட்டர், 'இடி'யிலிருந்து 'க்ரெப்' என்ற தேடும் கருவி. மல்டிக்ஸிலிருந்து வந்தவை மரம் போன்ற டைரக்டரி, ஷெல் என்ற பெயரும் அதன் வேலையும், ஐ/ஓ அழைப்புகளின் வடிவம். ஆக யூனிக்ஸுக்குத் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. கிழக்குக் கரையை (எம்ஐடி, பெல் லேப்ஸ்) மட்டும் எழுதிவிட்டு மேற்குக் கரையை (பெர்க்லி) விட்டுவிடுவது நியாயமில்லை.

அந்த 940 மட்டும் என்ன சாதாரணமா? டைம்ஷேர் என்ற கம்பெனி அதை வைத்தே வியாபாரம் நடத்தியது. 1968இல் எங்கல்பர்ட் மவுஸை உலகத்துக்குக் காட்டியபோது பின்னால் ஓடியது 940. 1969 அக்டோபரில் இன்டர்நெட்டின் முன்னோடியான அர்ப்பாநெட்டின் முதல் செய்தி யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்திலிருந்து எஸ்ஆர்ஐ ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனபோது, அதை வாங்கிக்கொண்ட மெஷினும் 940தான். வாரிசு இல்லாமல் போனது என்று இதை எப்படிச் சொல்வது?

துளைநாடா:

ஃபெரைட்வளையம் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அவரும் கடைசியில் யூனிக்ஸுக்கு யார் யார் முன்னோர் என்றுதான் பேசுகிறார். யூனிக்ஸுக்கு உதவியதா இல்லையா என்பதை வைத்தே எல்லாவற்றையும் அளப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் 80களில் ஒரு நிறுவனத்தில் பிடிபி-11/34 மீது ஆர்எஸ்டிஎஸ்/இ பார்த்துக்கொண்டவன். 256 கேபி மெமரி, இரண்டு ஆர்எல்02 டிஸ்க், ஒன்றுக்குப் பத்து எம்பி. அதில் காலையில் கணக்குப் பிரிவும் ஸ்டோர்ஸும் சம்பளப் பட்டியலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். டெர்மினலில் உட்காருபவர்களில் ஒருவர்கூட கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. அவர்கள் "ரெடி" என்ற சொல்லைப் பார்ப்பார்கள், தங்கள் புரோகிராமை ஓட்டுவார்கள், போய்விடுவார்கள். வருடக்கணக்கில் அப்படி ஓடியது. என்னைக் கேட்டால் டைம்ஷேரிங் என்பதன் பொருளே இதுதான்.

இதன் முதல் வடிவம் ஆர்எஸ்டிஎஸ்-11, பிடிபி-11/20க்கு. 11/20இல் மெமரி பாதுகாப்பு கிடையாது, ஒரு ஆளின் புரோகிராம் எங்கே வேண்டுமானாலும் எழுதிவிடலாம். பெல் லேப்ஸிலும் யூனிக்ஸ் அதே 11/20இல்தான் ஓடியது, 24 கேபி மெமரி, அதில் 16 சிஸ்டத்துக்கு, 8 பயனருக்கு. அங்கே எல்லோரும் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள், சோதிக்காத புரோகிராமை ஓட்டும் முன் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு ஓட்டலாம். ஒரு பள்ளிக்கூடத்துக்கு மெஷினை விற்கும்போது அது நடக்குமா? அதனால் டெக் என்ன செய்தது என்றால், பயனருக்கு மெஷின் மொழியையே கொடுக்கவில்லை. எல்லோருக்கும் பேசிக்-பிளஸ் மட்டும். நீங்கள் எழுதுவதை பேசிக்-பிளஸ்தான் ஓட்டுகிறது, அது உங்கள் எல்லையைத் தாண்ட விடாது. மெஷினில் இல்லாத வேலியை மொழியிலேயே கட்டினார்கள். ஹெச்பி 2000ம் பேசிக் மட்டும் கொடுத்து இதே வழியில்தான் போனது, பின்னால் வந்த மாடல்களில் ஒரு மெஷின் டெர்மினல்களைக் கவனிக்கும், இன்னொரு மெஷின் புரோகிராமை ஓட்டும்.

11/40, 11/45 மாடல்களில் மெமரி மேனேஜ்மென்ட் (ஒவ்வொருவரின் மெமரியையும் பிரித்துக் காக்கும் ஹார்டுவேர்) வந்ததும் ஆர்எஸ்டிஎஸ்/இ பிறந்தது, ஒரே நேரத்தில் அதிகபட்சம் 63 ஜாப், அதாவது 63 வேலை. ஒவ்வொரு ஜாபுக்கும் தெரியும் முகவரி வெளி 32கே வேர்ட்தான். அதில் மேல் பாதியில் பேசிக்-பிளஸ் உட்கார்ந்திருக்கும், ஆனால் மெமரியில் அதன் பிரதி ஒன்றே ஒன்று, எல்லோருக்கும் அதையே காட்டுவார்கள். கீழ்ப் பாதி 16கே உங்களுக்கு. இதை ரன்-டைம் சிஸ்டம் என்று பொதுவாக்கிவிட்டார்கள், பேசிக்-பிளஸ் இருக்கும் இடத்தில், டெக்கின் மற்ற சிஸ்டங்களான ஆர்டி-11 போல நடிக்கும் ஒன்றையோ ஆர்எஸ்எக்ஸ் போல நடிக்கும் ஒன்றையோ வைக்கலாம். ஒரே மெஷினில் பக்கத்துப் பக்கத்து டெர்மினல்களில் வேறு வேறு சிஸ்டத்துக்கு எழுதிய புரோகிராம்கள் ஓடின. லாகின், சிஸ்டாட் (எந்த ஜாப் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டுவது) போன்ற கருவிகள்கூட பேசிக்-பிளஸ்ஸில் எழுதியவைதான், நான் அவற்றைத் திறந்து படித்துத்தான் வேலை கற்றுக்கொண்டேன். அப்புறம் மைக்ரோசாஃப்ட் பேசிக்கை எடுத்து பேசிக்-பிளஸ்ஸோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 'ஆன் எர்ரர் கோடூ' கட்டளை முதல் எவ்வளவு ஒற்றுமை என்று தெரியும். 80களில் வீட்டு கம்ப்யூட்டரில் பேசிக் பழகிய ஒவ்வொருவரும் கொஞ்சம் ஆர்எஸ்டிஎஸ்ஸும் பழகியிருக்கிறார்கள்.

இன்னொரு வம்சத்தையும் சொல்ல வேண்டும், ஆர்எஸ்எக்ஸ்-11எம். அது பிறப்பால் ரியல்-டைம் சிஸ்டம், தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக்கு எழுதியது, பல பேர் உட்காரும் வசதி கூடவே வந்தது. அதை டெக்கில் டேவ் கட்லர் நடத்தினார், அளவைச் சுருக்குவதே குறியாக இருந்து 16கே வேர்ட் மெஷினில் ஓடும்படி செய்தார். ஒரு ஐ/ஓ வேலையை வரிசையில் போட்டுவிட்டுத் தன் வேலையைத் தொடர்வது, அது முடிந்ததும் சிஸ்டம் குறுக்கே வந்து தட்டி எழுப்புவது, இதுதான் ஆர்எஸ்எக்ஸின் உயிர். யூனிக்ஸில் ரீட் என்று கேட்டால் கிடைக்கும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும், இரண்டும் அடிப்படையிலேயே வேறு மனப்பாங்கு. அதே கட்லர் 1977இல் டெக்கின் வாக்ஸ் மெஷினோடு வந்த விஎம்எஸ்ஸின் முக்கிய ஆசிரியர்களில் ஒருவர். முதல் விஎம்எஸ்ஸில் பல கருவிகள் ஆர்எஸ்எக்ஸிலிருந்து அப்படியே வந்து பிடிபி-11 மோடில் ஓடின. 1988இல் அவர் மைக்ரோசாஃப்ட் போனார், 1993இல் விண்டோஸ் என்டி. வரிசையில் போடும் ஐ/ஓ, முடிந்ததும் குறுக்கே வந்து சொல்லும் முறை, இன்டரப்ட் மட்டங்கள், வொர்க்கிங் செட், எல்லாம் பெயர் கொஞ்சம் மாறி அங்கே இருக்கின்றன.

நம் ஊர் ரயில்வே முன்பதிவு 80களின் நடுவில் கணினிக்கு மாறியபோது வாக்ஸ்/விஎம்எஸ் மீதுதான் எழுதினார்கள், பின்னால் ஆல்ஃபா மெஷினுக்குப் போனாலும் விஎம்எஸ்தான். சென்னை சென்ட்ரலில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிய எத்தனை லட்சம் பேருடைய பெயர் இந்த வம்சத்தின் கை வழியாகப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

நாலாயிரம்_வேர்ட்:

துளைநாடா சார், உங்கள் அனுபவத்துக்கு மரியாதையோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். பேசிக் மட்டும் கொடுத்து வேலி கட்டியது சாமர்த்தியம்தான், ஆனால் அது மெஷினைப் பகிர்ந்ததாகாது, ஒரு மொழியைப் பகிர்ந்தது. 11/20க்கும் முன்னால், அதைவிடச் சின்ன மெஷினில், முழு மெஷினையே பகிர்ந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். எடைபோடச் சொன்னால் நான் டிஎஸ்எஸ்/8ஐத்தான் மேலே வைப்பேன்.

பிடிபி-8இன் விலை 1965இல் 18,000 டாலர். 4கே வேர்ட் மெமரி, 12 பிட். அதில் டைம்ஷேரிங் எழுதலாம் என்று 1967இல் கார்னெகி-மெலனில் ஆரம்பித்து டெக்கோடு சேர்ந்து முடித்தார்கள். மெமரியை 12கேயாகவாவது கூட்ட வேண்டும், 8கே மானிட்டருக்கு (திரை இல்லை, சிஸ்டத்தை நடத்தும் மையப் புரோகிராம்), மிச்சமிருக்கிற 4கேயில் ஒவ்வொருவராக உள்ளே வந்து போவார்கள். ஹார்டுவேரில் ஒரே ஒரு சின்ன மாற்றம்: பயனர் மோடில் இருக்கும்போது ஐ/ஓ கட்டளையோ மெஷினை நிறுத்தும் ஹால்ட்டோ வந்தால் அதைச் செய்யாமல் மானிட்டரிடம் பிடித்துக் கொடுத்துவிடும். அவ்வளவுதான். இந்த ஒரு பொறியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தனி 4கே பிடிபி-8 தன் கையில் இருப்பதாக நம்ப வைத்தார்கள். நீங்கள் அசெம்ப்ளி எழுதலாம், போர்ட்ரான் எழுதலாம், பேசிக் எழுதலாம், எது எழுதினாலும் பக்கத்து ஆளைத் தொட முடியாது, ஏனென்றால் பிடிபி-8 முகவரியில் இருப்பதே 12 பிட், 4096க்கு மேல் கை நீட்ட வழியே இல்லை. மெஷினின் குறையையே காவலாக மாற்றிய அழகு அது. ஒவ்வொருவருக்கும் ஒரு போலி மெஷின் கொடுப்பது என்பதை இன்று நாம் பெரிய சர்வர்களில் செய்கிறோம், அப்போது அதை 12 பிட்டில் செய்திருக்கிறார்கள்.

இதுகூட முதல் இல்லை. 1962இல் பாஸ்டன் பக்கத்தில் பிபிஎன் கம்பெனியில் ஜான் மெக்கார்த்தி, எட் ஃப்ரெட்கின், ஷெல்டன் பாய்லன், லிக்லைடர் நாலு பேரும் பிடிபி-1இல் ஐந்து பேருக்கு டைம்ஷேரிங் செய்து காட்டினார்கள். மொத்தம் 8கே, பாதி சிஸ்டத்துக்கு, பாதி அந்த நேரத்துப் பயனருக்கு. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது டிரம், அதாவது சுழலும் உருளை வடிவக் காந்தச் சேமிப்பு. டிரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள், அதாவது 33 மில்லிசெகண்டில், வெளியே போகிறவரின் 4கே வேர்டையும் எழுதி, உள்ளே வருகிறவரின் 4கே வேர்டையும் படித்துவிடும். ஒவ்வொரு வேர்டும் இடம் மாற்றிக்கொள்ளும், தனியாக எழுதித் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் 100 மில்லிசெகண்ட் கொடுத்தாலும் ஐந்து பேரும் ஒரு சுற்று வர முக்கால் செகண்டுக்கும் குறைவு. எதிரே இருப்பவரோ ஒரு எழுத்தைத் தட்டி, யோசித்து, இன்னொரு எழுத்தைத் தட்டுகிறார். டெலிடைப்பின் முழு வேகமே செகண்டுக்குப் பத்து எழுத்து. மனிதன் யோசிக்கும் நேரத்தில் மெஷின் அடுத்தவருக்கு வேலை செய்துவிட்டு வந்துவிடலாம் என்பதை மெக்கார்த்தி 1959லேயே எழுதிவிட்டார், அதை ஒரு சின்ன மெஷினிலும் செய்யலாம் என்று காட்டியது இந்த டிரம்தான்.

பிபிஎன் அதோடு நிற்கவில்லை. அங்கே ஜீனி வழி 940ஐயும் வைத்திருந்தார்கள், அப்புறம் பிடிபி-10க்கு டெனெக்ஸ் எழுதினார்கள், அதை டெக் எடுத்து டாப்ஸ்-20 ஆக்கியது. ரே டாம்லின்சன் 1971இல் @ குறி போட்டு வேறு மெஷினுக்கு மெயில் அனுப்பியது டெனெக்ஸில்தான். பிடிபி-10 மினி இல்லை, அது வேறு அளவு, அதனால் அங்கே அதிகம் போகவில்லை. ஆனால் உங்கள் நேர்கோட்டில் இவர்கள் யாருமே இல்லை பாருங்கள்.

சுழல்வட்டு:

நேற்று ராத்திரி சிஹெச்டிர் வேலை செய்தது, நன்றி. டிஎஸ்எஸ்/8இல் ஒரு அசெம்ப்ளி புரோகிராமில் வேண்டுமென்றே ஹால்ட் வைத்து ஓட்டினேன். என் புரோகிராம் மட்டும் நின்று, கட்டளைக்குக் காத்திருப்பதைக் காட்டும் மானிட்டரின் புள்ளி வந்தது, இன்னொரு டெல்நெட் ஜன்னலில் ஓடிய பேசிக் அசையாமல் ஓடிக்கொண்டே இருந்தது. படிப்பதைவிட அதைக் கண்ணால் பார்த்தது வேறு மாதிரி இருந்தது.

அந்தப் புள்ளியைப் பார்த்ததும் இன்னொரு சந்தேகம். ஆர்டி-11இலும் அதே புள்ளிதான் காத்திருக்கிறது. ஆர்எஸ்டிஎஸ்ஸில் [1,2] என்று அடைப்புக்குறிக்குள் கணக்கு எண். நான் பார்த்த டெக் சிஸ்டங்கள் எல்லாவற்றிலும் கோப்புப் பெயர் ஆறு எழுத்து, புள்ளி, மூன்று எழுத்து. கோப்பை நகலெடுக்க அவை எல்லாவற்றிலும் 'பிப்'. இவை எல்லாம் தனித்தனியாக எழுதியவை என்றால் எப்படி இவ்வளவு ஒத்துப்போகின்றன? மைக்ரோசாஃப்டின் டாஸ் கோப்புப் பெயரை எட்டு எழுத்து, புள்ளி, மூன்று எழுத்து என்று வைத்ததும் இங்கிருந்துதானா?

ஃபெரைட்வளையம்:

ஆமாம், இங்கிருந்துதான். நாம் யாரும் இதுவரை சொல்லாத வம்சம் இது.

இதன் மூத்தவர் பிடிபி-6, 1964. 36 பிட் வேர்ட். எழுத்துக்கு 6 பிட் வைத்தால் ஒரு வேர்டில் சரியாக 6 எழுத்து, பாதி வேர்டில் 3 எழுத்து. கோப்புப் பெயருக்கு ஒரு வேர்ட், வகைக்கு அரை வேர்ட், அதுதான் ஆறும் மூன்றும். பிடிபி-6இன் மானிட்டர்தான் பின்னால் பிடிபி-10இல் டாப்ஸ்-10 ஆனது. புள்ளி, பிப், திட்ட எண்ணும் புரோகிராமர் எண்ணும் அடைப்புக்குறிக்குள் இருப்பது, கன்ட்ரோல்-சி அடித்தால் மானிட்டருக்குத் திரும்புவது, எல்லாம் அந்த வீட்டுப் பழக்கங்கள். டெக்கின் சின்ன மெஷின்களுக்கு எழுதியவர்கள் அந்த வீட்டில் வளர்ந்தவர்கள். விஎம்எஸ்ஸில் டைரக்டரியைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதுவார்களே, அதற்கும் மூலம் இதுதான்.

பிடிபி-11 வந்தபோது வேர்ட் 16 பிட் ஆகிவிட்டது, 6 பிட் எழுத்து சரியாகப் பொருந்தாது. அப்போது ராட்-50 என்று ஒரு வழி வைத்தார்கள். 26 எழுத்து, 10 எண், இடைவெளியோடு சில குறி, மொத்தம் 40 என்று வைத்துக்கொண்டால் மூன்று எழுத்துக்கு 40 × 40 × 40, அதாவது 64,000. 16 பிட்டில் 65,536 இடம் இருக்கிறது, மூன்று எழுத்து கச்சிதமாக உட்கார்ந்துவிடும். 50 என்று பெயர் வந்தது 40ஐ எட்டின் அடிமானத்தில் எழுதினால் 50 என்பதால். இரண்டு வேர்ட் பெயருக்கு, ஒரு வேர்ட் வகைக்கு, மறுபடி அதே ஆறும் மூன்றும்.

1974இல் கேரி கில்டால் மைக்ரோகம்ப்யூட்டருக்கு சிபி/எம் எழுதியபோது அவருக்குப் பழகியிருந்தது டெக் உலகம். பிப் என்ற பெயரே சிபி/எம்முக்குள் போயிற்று, அங்கே ஆறு எட்டானது, மூன்று மூன்றாகவே நின்றது. சிபி/எம்மைப் பார்த்துச் செய்தது டாஸ்.

இரண்டு வம்சமும் மோதிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். டெக் பழக்கத்தில் சாய்கோடு என்பது கட்டளைக்குப் பின்னால் வரும் தேர்வுக் குறி, டாஸும் அதையே வைத்துக்கொண்டது. 1983இல் டாஸ் 2.0க்கு யூனிக்ஸ் மாதிரி மர டைரக்டரி கொண்டுவந்தபோது, யூனிக்ஸ் பாதைக்குப் பயன்படுத்தும் சாய்கோடு ஏற்கெனவே வேறு வேலையில் இருந்தது. அதனால் திருப்பிப் போட்ட சாய்கோடு. இன்று விண்டோஸில் ஒரு பாதை அடிக்கும்போது டைரக்டரி மல்டிக்ஸிலிருந்து யூனிக்ஸ் வழியாக வந்தது, கோடு சாய்ந்திருக்கும் திசை பிடிபி-6இன் பழக்கத்தால் வந்தது, அடியில் ஓடும் கெர்னலின் (சிஸ்டத்தின் மையப் பகுதி) எண்ணம் ஆர்எஸ்எக்ஸிலிருந்து விஎம்எஸ் வழியாக வந்தது. உரைக்கோப்பின் வரி முடிவும் அப்படித்தான். டெக் வழியில் டெலிடைப்புக்குத் தேவையான இரண்டு குறிகள் அப்படியே கோப்பிலும் இருக்கும், மல்டிக்ஸ் வழியில் ஒரே குறி. இரண்டு பக்கமும் கோப்பை மாற்றி மாற்றி எடுத்துப் போகிறவர்கள் இன்னும் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எதை மேலே வைப்பேன் என்று கேட்டிருந்தீர்கள், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நாலாயிரம்_வேர்ட் சொன்ன டிரம் எனக்கும் பிடிக்கும், ஆனாலும் நான் பிடிபி-7 யூனிக்ஸைத்தான் வைப்பேன், காரணம் ஃபோர்க்கால் உடைந்த இன்னொரு விஷயம். ஒரு கோப்பில் 'எல்எஸ்' (கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை), அடுத்த வரியில் 'ஹூ' (யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் கட்டளை) என்று எழுதி, அந்தக் கோப்பை ஷெல்லுக்குக் கொடுத்து வெளியீட்டை ஒரு கோப்பில் சேர்த்தார்கள். ஹூ எழுதியது எல்எஸ் எழுதியதன் மேலேயே போய் உட்கார்ந்தது. எங்கே வரை எழுதியிருக்கிறோம் என்ற கணக்கு ஒவ்வொரு ப்ராசஸுக்குள்ளும் தனித்தனியாக இருந்ததால், இரண்டாவது ப்ராசஸ் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தது. அந்தக் கணக்கை ப்ராசஸிலிருந்து எடுத்து, திறந்திருக்கும் கோப்புகளுக்கென்று ஒரு பொது அட்டவணை போட்டு அதில் வைத்தார்கள். இன்றைக்கு ஆண்ட்ராய்டு போனின் கெர்னலுக்குள்ளும் அந்த அட்டவணை இருக்கிறது. ஒரு தப்பைச் சரிசெய்யப் போய் இவ்வளவு காலம் நிற்கும் ஒரு அமைப்பு கிடைத்தது என்றால், அந்தத் தப்பை அவர்கள் எவ்வளவு பொறுமையாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். உங்கள் ஆறாம் பதிப்பில் இதே இரண்டு வரியை எழுதி ஓட்டிப் பாருங்கள், இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக வரும்.

துளைநாடா:

நாலாயிரம்_வேர்ட், மொழியைப் பகிர்ந்தார்கள், மெஷினை இல்லை என்று நீங்கள் சொன்னதை ஆர்எஸ்டிஎஸ்-11 வரைக்கும் ஏற்கிறேன். ஆர்எஸ்டிஎஸ்/இக்கு அது பொருந்தாது, அங்கே அசெம்ப்ளி மொழியான மேக்ரோ-11இல் எழுதியே ஓட்டினோம், வேலியை மெமரி மேனேஜ்மென்ட் பார்த்துக்கொண்டது.

சுழல்வட்டு, ஒரு நடைமுறை விஷயம். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் எமுலேட்டரை நிறுத்துவதற்கு முன் 'சிங்க்' அடித்துவிட்டு நிறுத்துங்கள். எழுத வேண்டிய பிளாக்குகளை அது மெமரியிலேயே வைத்திருக்கும், அப்படியே மூடினால் டிஸ்க் இமேஜ் கெட்டுவிடும். அப்புறம் ஆர்எஸ்டிஎஸ்ஸுக்குப் போனதும் சிஸ்டாட்டின் பேசிக் மூலத்தைத் திறந்து ஒரு முறை முழுதாகப் படியுங்கள், எந்த ஜாப் எவ்வளவு மெமரியில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது எங்கிருந்து எடுக்கிறது என்று பார்த்தால், கெர்னலின் அட்டவணைகள் தானாகப் புரிந்துவிடும். புரியாத இடம் இருந்தால் வரி எண்ணோடு இங்கே போடுங்கள், நானும் சேர்ந்து படிக்கிறேன்.